ஓடுகிற வண்டியில் ஃபிரிட்ஜ்: வாசகர் கேள்வி–பதில்

கேரவனிலும் கேம்பர் வேனிலும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கொங்குப் பக்கத்தில் கூடிவிட்டார்கள். வந்த கடிதங்களில் பலவும் ஃபிரிட்ஜைப் பற்றியே இருந்ததால், இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: பழைய கேரவன் ஒண்ணு வாங்கியிருக்கோமுங்க. கேஸ், வீட்டுக் கரண்ட், வண்டி பேட்டரி மூணுலயும் ஓடற ஃபிரிட்ஜ் அதுல இருக்குது. பண்ணாரி, திம்பம் வழியா மைசூர் போகணும். "கேஸ்லயே போட்டுட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு வித்தவர் சொல்றாருங்க. சரிதானுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சரியில்லை. வண்டியை நகர்த்துவதற்கு முன் சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். ஃபிரிட்ஜின் சுவிட்சை மட்டும் திருப்பி வைத்தால் போதாது. சிலிண்டரிலேயே மூட வேண்டும்.

உங்களிடம் இருப்பது அப்சார்ப்ஷன் வகை, கேஸ் ஃபிரிட்ஜ் என்று சொல்வதும் இதைத்தான். அதில் கம்ப்ரஸர் கிடையாது. குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைபட்டிருக்கும். அடியில் சூடேற்றினால் அம்மோனியா ஆவியாகி மேலே போய், குளிர்ந்து திரவமாகி, உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு திரும்பும். 1922-இல் ஸ்வீடனில் பிளாட்டன், மன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. அந்தச் சூடு கேஸ் தீயிலிருந்தும் வரலாம், 230 வோல்ட் ஹீட்டரிலிருந்தும் வரலாம், 12 வோல்ட் ஹீட்டரிலிருந்தும் வரலாம். கேஸில் போட்டு ஓட்டினால், வண்டியின் பக்கச் சுவருக்குப் பின்னால் ஒரு அடுப்பை எரியவிட்டபடி திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறீர்கள் என்று பொருள்.

"தீ அணைந்தால் கேஸ் தானே நின்றுவிடுமே" என்பார்கள். பர்னர் பக்கத்தில் தீயின் சூட்டை உணரும் தெர்மோகப்பிள் ஒன்று இருக்கிறது, அது உண்மைதான். தீ அணைந்து அது ஆறியதும் வால்வு மூடும், அதற்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகலாம். ஆனால் அது பார்த்துக்கொள்வது பர்னரை மட்டும். சிலிண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் குலுங்கிக் குலுங்கி ஒரு இணைப்பு தளர்ந்தாலோ, மோதலில் ஹோஸ் பிய்ந்தாலோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வெளியே பறந்து போகாமல் வண்டியின் தரையிலேயே தேங்கும். ஃபிரிட்ஜின் தீயே அதைப் பற்றவைத்துவிடும். மோதலை உணர்ந்து கேஸை அடைக்கும் ரெகுலேட்டர்கள் வெளிநாட்டுக் கேரவன்களில் உண்டு. உங்கள் வண்டியில் அது பொருத்தி, சோதித்திருப்பதற்கான சான்று கையில் இல்லாவிட்டால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பங்கில் ஆபத்து இன்னும் அதிகம். சில ஃபிரிட்ஜ்களில் 'ஆட்டோ' என்று ஒரு நிலை இருக்கும். எஞ்சின் நின்றதும் 12 வோல்ட்டை விட்டுவிட்டு, சற்று நேரம் கழித்துத் தானாகவே கேஸுக்கு மாறிப் பொறி தட்டும். பங்கில் கூட்டமிருந்து வரிசை நீண்டால் அந்த இடைவெளி போதாது. கிளம்பும்போதே சிலிண்டரை மூடியிருந்தால் இந்தக் கவலையே இல்லை.

அப்படியானால் குளிர் எப்படி நிற்கும்? முந்தைய நாளே வேலையைத் தொடங்க வேண்டும். கிளம்புவதற்கு 12 மணி நேரம் முன்பே வீட்டுக் கரண்டில் ஃபிரிட்ஜை ஓடவிடுங்கள். உள்ளே போகும் எல்லாவற்றையும் முதலில் வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்து, பிறகு இதற்கு மாற்றுங்கள். காய்ச்சி ஆறிய பாலை அப்படியே வைத்தால், அதைக் குளிர்விக்கவே அரைநாள் போய்விடும். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறையவைத்து மேல் தட்டில் வையுங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது சுமார் 93 வாட்-மணி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். இப்படி நிரப்பி, கதவைத் திறக்காமல் போனால், நான்கு மணி நேரம் எதிலும் ஓடாவிட்டாலும் சமாளித்துவிடும். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட்டில் போட்டுக்கொள்ளுங்கள். 12 வோல்ட் இருக்கிற குளிரைக் காக்கும் அளவுக்குத்தான் உதவும். சூடான ஃபிரிட்ஜைக் குளிரவைக்க அதை நம்பாதீர்கள்.

திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், நேரம் தவறினால் கீழேயே விடியும்வரை நிற்க நேரும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜை 12 வோல்ட்டிலேயே விட்டுவிடாதீர்கள். அந்த ஹீட்டர் 14 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய மாடல்கள் பலவற்றில் 12 வோல்ட்டுக்குத் தெர்மோஸ்டாட்டும் கிடையாது, ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். 80 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி மூன்று மணி நேரத்தில் காலி. காலையில் செல்ஃப் எடுக்காது. நிற்கிற இடத்தில் கேஸில் போடலாம். ஆனால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும், ஃபிரிட்ஜின் வெளிப்புறக் காற்றுத் துளைகள் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் காய்ந்த புல் இருக்கக் கூடாது. இன்னொன்றையும் பாருங்கள்: நம் சாலைகளில் பஞ்சு லோடும், வைக்கோலும், தேங்காய் நாரும் ஏற்றிய வண்டிகள் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஃபிரிட்ஜின் புகைவாய் சூடாகக் காற்றைக் கக்குவது சரியாக அந்தப் பக்கமாகத்தான் இருக்கும். சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போது கேஸ் வேண்டவே வேண்டாம். பனிக்கட்டி பாட்டில்களே போதும்.

சிலிண்டரைப் பற்றியும் கேட்காமலே சொல்லிவிடுகிறோம். வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே. வண்டியில் வைப்பது சட்டப்படியும் தவறு. 5 கிலோ சிலிண்டரே இந்த வேலைக்குத் தாராளம். நிமிர்த்தி, இரண்டு பட்டைகளால் இறுக்கி, வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும் அறையில் வையுங்கள். அந்த அறையின் அடியில் கேஸ் வெளியேறத் துளை வேண்டும். படுக்கவைத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவம் வரும், பர்னரில் தீ பொங்கும். இணைப்புகளைச் சோப்பு நுரை தடவிச் சோதியுங்கள்.

கேள்வி: 24 வோல்ட் பஸ் சேசிஸில் கேரவன் பாடி கட்டுகிறோம். வாடிக்கையாளர் 12 வோல்ட் கேஸ் ஃபிரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுத்தால் போதுமா?
– வாசகர், கரூர்

பதில்: பட்டறைகளில் அடிக்கடி நடக்கிற தவறு இது. தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகளில் கீழ் பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்தால், அது தினமும் குறைந்துகொண்டே வரும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. மொத்தம் 28 வோல்ட்டை நோக்கி ஏற்றும்போது, குறைந்த பேட்டரிக்கு 13 வோல்ட்டும் நிறைந்த பேட்டரிக்கு 15 வோல்ட்டுமாகப் பங்கு போகும். ஒன்று பட்டினியில் சல்பேட் படியும், மற்றது கொதித்துத் தண்ணீர் வற்றும். சில மாதங்களில் இரண்டுமே போய்விடும். ரேடியோ போன்ற சின்ன இழுவைக்குக்கூட நல்லதல்ல. ஃபிரிட்ஜ் ஹீட்டருக்குக் கூடவே கூடாது.

நேராக 24 வோல்ட்டில் கொடுப்பது அதைவிட மோசம். ஹீட்டருக்கு மின்னழுத்தம் இரட்டித்தால் திறன் நான்கு மடங்காகும். 170 வாட் ஹீட்டர் 680 வாட்டாகச் சூடேறும். சூடேறும் பாகமான பாய்லரைச் சுற்றியிருக்கும் காப்புப் பஞ்சும் வயரும் கருகும்.

24-இலிருந்து 12 ஆக்கும் டி.சி. கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். 15 ஆம்பியர் தொடர்ந்து இழுக்கும் சுமைக்கு, 20 ஆம்பியராவது தொடர்ச்சியாகத் தரும் என்று எழுதியிருப்பதை எடுங்கள். கன்வெர்ட்டருக்கு வரும் 24 வோல்ட் வயரில், ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் (D+) முனையிலிருந்து இயங்கும் ரிலே ஒன்று வேண்டும். எஞ்சின் ஓடினால் மட்டும் ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் போகும், நின்றால் தானே அறுந்துவிடும். ஓட்டுநரின் ஞாபகத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். கன்வெர்ட்டர் சூடாகும், அதை ஃபிரிட்ஜின் பின்னறையில் திணிக்காமல் காற்றோட்டமான இடத்தில் பொருத்துங்கள்.

அந்தப் பின்னறையிலும் கவனம் வேண்டும். அடியில் ஒரு காற்றுத் துளை, உச்சியில் ஒரு துளை, நடுவில் புகைபோக்கி போல நேர்வழி இருக்க வேண்டும். பின்பக்கத் தகடுகளுக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கு மேல் இடம் விட்டால், காற்று தகடுகளைத் தொடாமலே மேலே போய்விடும். ஆளுக்குப் பழக்கமான "நிறைய இடம் விட்டால் நல்லது" என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. பின்னறைக்கும் ஆட்கள் இருக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்குகூட இருக்கக் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் வாடிக்கையாளரிடம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் வெளிச்சூட்டைவிட 20 முதல் 25 டிகிரிதான் கீழே போகும். சித்திரை வெயிலில் கரூர் 40 டிகிரியைத் தொடும்போது உள்ளே 15 டிகிரியாவது இருக்கும், தயிர் புளித்துவிடும். 12, 24 இரண்டிலும் தானாகவே ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ்கள் கிடைக்கின்றன. ஒட்டியிருக்கும் சீட்டில் தட்பவெப்ப வகுப்பு 'டி' (T) என்று இருந்தால் 43 டிகிரி வரை தாங்கும். புதிதாகக் கட்டும் வண்டிக்கு அதைத்தான் பரிந்துரைப்போம்.

கேள்வி: 12 வோல்ட் பெட்டி ஃபிரிட்ஜ் வாங்கி, டிக்கியில் உள்ள லைட்டர் சாக்கெட்டில் மாட்டியிருக்கேனுங்க. பேட்டரி புதுசு. ஆனா ஓடும்போதே அடிக்கடி நின்னு லைட் மினுக்குது. பிளக்கும் தொட்டா சுடுது.
– வாசகர், ஈரோடு

பதில்: ஃபிரிட்ஜில் கோளாறு இல்லை. வயர்தான் மெல்லியது. கம்ப்ரஸர் ஓடும்போது 5 ஆம்பியர் அளவில் இழுக்கும், கிளம்பும் கணத்தில் இன்னும் கூடுதலாக. முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து பின்னால் வரை 5 மீட்டர் என்றால், போக வர 10 மீட்டர் செம்பு. 1.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் 5 ஆம்பியருக்கு 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 ஸ்கொயரில் 0.23 வோல்ட்தான், 6 ஸ்கொயரில் 0.15. லைட்டர் சாக்கெட்டுக்குப் போகும் வயர் பல வண்டிகளில் 1.5-ஐவிடவும் மெலிது. அதன்மேல் குலுக்கலில் தளரும் பிளக்கின் இழப்பு வேறு. பேட்டரியில் 12.4 இருந்தாலும் ஃபிரிட்ஜுக்கு 11.4 என்றே தெரிகிறது. பேட்டரியைக் காப்பாற்றுவதாக நினைத்து அது நின்றுவிடுகிறது.

பேட்டரியிலிருந்து தனி வயர் இழுங்கள். 6 ஸ்கொயர் செம்பு, சிவப்பும் கறுப்புமாக இரண்டும் பின்னால் வரை. பாடியையே எர்த்தாக நம்பினால் துரு பிடித்த போல்ட்டில் மறுபடி அதே தொல்லை. பிளஸ் வயரில், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ். ஃபிரிட்ஜ் பக்கம் மட்டும் பியூஸ் போட்டால், நடுவில் வயர் உராய்ந்து பாடியில் தொட்டால் பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த வயரில் பாய்ந்து தீப்பிடிக்கும். தகட்டுத் துளை வழியாக வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் மாட்டுங்கள். முனைகளில் லக் (உலோக முனை) வைத்துச் சரியான கருவியால் நசுக்கி இறுக்குங்கள் (கிரிம்ப்). முறுக்கி டேப் சுற்றும் வேலை வண்டியில் நிற்காது. லைட்டர் பிளக்கை வெட்டிவிட்டு, கிடுக்கிப் பிடிக்கும் இரட்டை முனை பிளக் போடுங்கள்.

பேட்டரிக் காப்பு அளவை, அதாவது எந்த வோல்ட்டில் ஃபிரிட்ஜ் தானே நிற்க வேண்டும் என்ற அமைப்பைத் தாழ்த்தி வைக்கச் சொல்வார்கள் சிலர். தனிப் பேட்டரி இருந்தால் சரி. வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலேயே ஃபிரிட்ஜும் ஓடுகிறது என்றால், அதை 'ஹை' நிலையில்தான் வைக்க வேண்டும்.

தனிப் பேட்டரி போடுவதாக இருந்தால் ஒரு குறிப்பு. 40 லிட்டர் பெட்டி நம் ஊர் கோடையில் நாளொன்றுக்கு 50 முதல் 60 ஆம்பியர்-மணி கேட்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்று ஒரு நாள் தாங்கும். பி.எஸ்.6 வண்டிகள் பலவற்றின் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தை அவ்வப்போது தாழ்த்திவிடும். எனவே வெறும் ரிலே வைத்து ஏற்றினால் நிறையாது. 20 அல்லது 30 ஆம்பியர் டி.சி.–டி.சி. சார்ஜர் வேண்டும்.

கேள்வி: வீட்டில் சும்மா இருக்கும் 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜை டெம்போ டிராவலரில் ஏற்றி, இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. அதன் கம்ப்ரஸர் உள்ளே சின்ன ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. நிற்கிற இடத்தில் அதிராமல் ஓடுவதற்கான அமைப்பு அது. வேகத்தடையிலும் வளைவிலும் கூட்டுக்குள் இடித்து, வெளியே போகும் மெல்லிய குழாய்கள் விரிசல் விடும். இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற, தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது. அளவு சில பத்து கிராம்தான், ஆனால் மூடிய வேனுக்குள் கசியக் கூடாத பொருள்.

கரண்ட் கணக்கும் ஒத்துவராது. ஓடும்போது 100 வாட் கேட்கும் கம்ப்ரஸர், கிளம்பும்போது அதைப் பல மடங்கு இழுக்கும். 12 வோல்ட் பக்கம் அந்தக் கணத்தில் 70, 80 ஆம்பியர். சதுர அலை இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டே சூடேறும். பள்ளத்தில் இறங்கி ஒரு கணம் கரண்ட் விட்டு வந்தால், உள்ளழுத்தம் தணியுமுன் மறுபடி கிளம்ப முயன்று மோட்டார் முடங்கும். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியையும் கூடவே ஏற்றும் பழக்கம் இருக்கிறது. அதன் அமிலம் சிந்தும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். ஆட்கள் உட்காரும் இடத்தில் அது கூடாது.

கேள்வி: வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகணும். கேஸ் ஃபிரிட்ஜ் சாய்ந்தால் கெட்டுப்போகும் என்கிறார்களே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஏறும்போது கெடாது, நிறுத்தும்போதுதான் கெடும். வளைவில் சாய்வு நொடிக்கு நொடி மாறுவதால் உள்ளே உள்ள திரவம் அலைந்து மறுபடி வழிக்கு வந்துவிடும். சாய்வாக நிறுத்தி, ஃபிரிட்ஜை ஓடவிட்டால், திரவம் ஒரு குழாயில் தேங்கிப் பாய்லருக்குத் திரும்பாது. பாய்லர் வறண்டு காயும். துருவைத் தடுக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் கட்டிதட்டிக் குழாயை அடைத்துவிடும். அதற்குப் பிறகு அடைப்பு எடுக்க முடியாது, பின்பக்க யூனிட்டையே மாற்ற வேண்டும்.

பெரும்பாலான மாடல்களுக்கு எல்லை பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. 3 டிகிரி என்பது ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 சென்டிமீட்டர் ஏற்றம். கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற தேயிலைத் தோட்டப் பாதை அதைவிடச் சாய்ந்திருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி, ஃப்ரீசர் தட்டின் மேல் இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். குமிழி நடுக்கோட்டுக்குள் பாதியளவாவது இருக்க வேண்டும். வராவிட்டால் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுங்கள், அல்லது ஃபிரிட்ஜை அணைத்துவிடுங்கள். டீக்கடையில் பத்து நிமிடம் நிற்பதற்கு இத்தனையும் தேவையில்லை.

கம்ப்ரஸர் வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பல மாடல்கள் 30 டிகிரி சாய்விலும் ஓடும். கதவுத் தாழ்ப்பாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மலை இறங்கும்போது உள்ளே உருண்ட பாட்டில் கதவைத் தள்ளித் திறக்கும். கனமானதெல்லாம் கீழ்த்தட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ஆடிக் காத்துல கேஸ் ஃபிரிட்ஜ்ல தீ நிக்கவே மாட்டேங்குது. எரிஞ்சாலும் மஞ்சளா எரியுது. காத்துத் துளையை டேப் ஒட்டி அடைச்சுட்டா ஆகுமுங்களா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: அடைக்காதீர்கள். தீ மூச்சு வாங்குவதும், புகை வெளியேறுவதும், பின்பக்கச் சூடு போவதும் அந்தத் துளைகள் வழியாகத்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் மேற்கிலிருந்து வருகிறது. ஆனி முதல் ஆவணி வரை, துளைகள் உள்ள பக்கம் கிழக்கே பார்க்கும்படி வண்டியை நிறுத்துங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

மஞ்சள் தீ வேறு விஷயம். காற்று போதாமல் எரிகிறது, கரியும் கார்பன் மோனாக்சைடும் வரும். நீலமாக எரியும்வரை பயன்படுத்தாதீர்கள். சில மாதம் சும்மா நின்ற வண்டிகளில் பெரும்பாலும் குளவிதான் காரணம். பர்னர் குழாயில் மண்கூடு கட்டியிருக்கும். சிலிண்டரை மூடி, பர்னரைக் கழற்றி, மென்மையான பிரஷால் சுத்தம் செய்யுங்கள். கேஸ் வரும் ஜெட்டின் துளையில் ஊசியோ கம்பியோ விடக் கூடாது. மயிரிழை அகலம் கூடினாலும் தீயின் அளவு மாறிவிடும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காற்று ஊதி உலர்த்துங்கள். மாட்டியபின் சோப்பு நுரைச் சோதனை அவசியம்.

கேள்வி: எங்க அமுச்சிக்கு இன்சுலின் எடுத்துட்டுப் போகணும். மூணு நாள் பயணம். ஃபிரிட்ஜை நம்பலாமுங்களா?
– வாசகி, நாமக்கல்

பதில்: திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறையவே கூடாது. உறைந்து இளகியதை அமுச்சிக்குப் போடாதீர்கள். குளிர்த்தட்டை ஒட்டி வைக்காமல், துணியில் சுற்றிச் சின்ன டப்பாவில் நடுத்தட்டில் வையுங்கள். டப்பாவுக்குள்ளேயே ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். ஃபிரிட்ஜின் எண் பலகை காட்டுவது அது அளக்கும் இடத்தின் சூட்டைத்தான். மூன்று நாள் மருந்தில் பாதியைத் தனியாக ஒரு தெர்மாஸ் பையில், பனிக்கட்டியில் நேராகப் படாமல் எடுத்துப் போங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பென்னைச் சாதாரண அறைச்சூட்டில் வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் என்பது அதன் சீட்டில் இருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் மட்டும் விட்டுவிடக் கூடாது.

உணவுக்கு 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் சரி. கறியும் பாலும் அதற்கு மேல் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டால் கொட்டிவிடுங்கள், 32 டிகிரி தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான்.

கேள்வி: கேஸ் ஃபிரிட்ஜ் பின்னால் மஞ்சள் பொடி படிந்திருக்கிறது. மூக்கைத் துளைக்கும் நெடி.
– வாசகர், பல்லடம்

பதில்: குழாய் ஓட்டையாகிவிட்டது. நெடி அம்மோனியா, பொடி சோடியம் குரோமேட். உடனே மூன்று வழியிலும் அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் இறங்குங்கள். உள்ளே ஹைட்ரஜனும் இருப்பதால் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பொடி நஞ்சுள்ளது, வெறுங்கையால் தொடாதீர்கள், ஊதித் தட்டாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டித் தனியே வையுங்கள். வெல்டிங் வைத்து ஒட்டித்தருவதாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஹைட்ரஜன் குழாயில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும்.

கேள்வி: ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துத் திறந்தால் ஒரே பூஞ்சை வாடை. என்ன செய்வது?
– வாசகி, தாராபுரம்

பதில்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து உள்ளே துடையுங்கள். கதவு ரப்பரின் மடிப்பையும் விரித்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அடுத்த முறை வண்டியை நிறுத்தி வைக்கும்போது கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தே வையுங்கள். பல மாடல்களில் தாழ்ப்பாளிலேயே அதற்கு இரண்டாவது பல் இருக்கும்.